என்னை எந்தக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள்?

அனுப்புநர்:
பி.காம். பட்டதாரி ஒருத்தி,
பனமரத்துப்பட்டி, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு மனிதவளத் துறையினர்,
கண்ணாடிக் கட்டடம், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பொருள்: இளநிலை நிதி மற்றும் கணக்குப் பணி – நேர்முகத் தேர்வு – தாங்கள் கோரிய நட்சத்திரங்கள் வழங்குதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் தானியங்கி மின்னஞ்சலும் அதன் நினைவூட்டல்களும்.

பெருமதிப்புக்குரிய ஐயன்மீர், அம்மணிகளே,

தங்கள் நேர்முகத் தேர்வு எனக்கு எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று கேட்டு நேற்றுக் காலை மின்னஞ்சல் அனுப்பியிருந்தீர்கள். நான் பதில் போடவில்லை என்று சாயங்காலம் ஒரு நினைவூட்டல். இன்று காலை இன்னொன்று, ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்று தடித்த எழுத்தில். நெகிழ்ந்துவிட்டேன். ஏனென்றால் நான் தேறினேனா இல்லையா என்று கேட்டுத் தங்களுக்கு எழுதிய எதற்கும் இன்றுவரை ஒரு வரி பதில் கிடையாது. முடிவைச் சொல்ல ஆள் கிடைக்காத அலுவலகத்தில், மார்க் வாங்கிப் போட மட்டும் ஒரு இயந்திரம் மூன்று வேளையும் உழைக்கிறது.

கருத்தை 250 எழுத்துக்குள் எழுதச் சொல்லியிருந்தீர்கள். தங்கள்மேல் எனக்குள்ள மரியாதை அதற்குள் அடங்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

முதலில் தங்கள் விளம்பரத்தைப் பாராட்ட வேண்டும். மேலே, ‘ஃப்ரெஷர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்’. கீழே, ‘இரண்டு முதல் மூன்று ஆண்டு அனுபவம் அவசியம்’. டிரையல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கு எழுதுகிறவர்கள் என்ன செய்வோம்? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே போவோம். நானும் அப்படியே போட்டுவிட்டு விண்ணப்பித்தேன். இதுதான் முதல் பதிவு.

காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னீர்கள். பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம் டவுனுக்கு வர எனக்குக் காலணாச் செலவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசாங்கம் தன் பங்கைச் சேலத்தோடு முடித்துக்கொண்டது. அதற்கு அப்பால் ராத்திரி பஸ், விடிந்ததும் காசு கொடுத்துக் குளியல், தங்கள் சாலைக்கு ஷேர் ஆட்டோ எல்லாம் அப்பா தந்த பணம். பயணப்படி உண்டா என்று வரவேற்பறையில் கேட்டேன். ‘ஃப்ரெஷர்களுக்குக் கிடையாது மேடம்’ என்றார் அந்தத் தம்பி, மிகவும் பணிவாக. அனுபவம் கேட்கும்போது நான் ஃப்ரெஷராக இருக்கக் கூடாது. பஸ் காசு கேட்கும்போது மட்டும் ஃப்ரெஷர். அந்த பஸ் காசையும் சஸ்பென்ஸில் போட்டேன். என்னை உள்ளே கூப்பிடும்போது மணி நாலு. நடுவில் போன பகலையும் அதிலேயே போட்டேன். அந்தக் கணக்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

உள்ளே கூப்பிடும் முன் குழு விவாதம். தலைப்பு: ‘செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கணக்கர் வேலை மிஞ்சுமா?’ எந்த வேலை கேட்டு வந்தோமோ அந்த வேலை இருக்கப்போகிறதா என்று எங்களையே அடித்துக்கொள்ளச் சொன்ன நயத்தை என்னவென்று புகழ்வது! ‘நிச்சயம் மிஞ்சாது’ என்று மேசையைத் தட்டிப் பேசிய பையனை அடுத்த சுற்றுக்கு அனுப்பினீர்கள். எந்த வேலைக்கு என்பதுதான் புரியவில்லை.

பிறகு அந்தக் குளிர்ந்த அறையில் தாங்கள் மூவர். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றீர்கள். சொந்த ஊர் என்றதும் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘பனமரத்துப்பட்டியா, அது எங்கே, கோயம்புத்தூர் பக்கமா?’ என்றார். மேற்கே போனால் எல்லாம் கோயம்புத்தூர் பக்கம்தான் ஐயா. சேலம் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பதற்காக 1911-இல் வெள்ளைக்காரன் ஏரி கட்டிய ஊர் அது. ஏரி சேலம் மாநகராட்சியின் சொத்து. ஏட்டில் ஏரி; நேரில் போனால் பல வருஷம் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலமே அதிகம் நின்றது. ஏட்டில் எழுதியிருக்கும் சொத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்ற தணிக்கைப் பாடத்தைக் கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே படித்துவிட்ட ஊர்க்காரி நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ‘ஓகே, நெக்ஸ்ட்’ என்றீர்கள்.

அடுத்தது அனுபவம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விளைகிற அரளி சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகிறது. படிக்கிற காலத்தில் அங்கே ஒரு கமிஷன் கடையில் விடியற்காலையில் கணக்கு எழுதினேன். மூட்டை வந்து இறங்கியதும் எடை, சிட்டை, அன்றைய விலை, கமிஷன் கழிவு, தோட்டக்காரர் முன்னமே வாங்கிய முன்பணத்தில் பிடித்தம், மீதி ரொக்கம். வெள்ளரளிக்கு ஒரு விலை, செவ்வரளிக்கு ஒரு விலை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஏறுகிற விலை மறுநாள் காலில் மிதிபடும். சரக்கின் ஆயுசே ஒரு பொழுது. அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பூவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் பத்து ரூபாய் கணக்கு உதைத்தால் முதலாளி ஷட்டரை இறக்க விடமாட்டார். ‘சஸ்பென்ஸ்ல போடட்டுங்களாண்ணா?’ என்று ஒருநாள் கேட்டேன். ‘நம்ம கடையில அந்தப் பழக்கமே கிடையாது, இன்னொருக்கா கூட்டு’ என்றார்.

இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தங்கள் தீர்ப்பு: ‘அது அன்ஆர்கனைஸ்டு செக்டார். ரிலெவன்ட் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை.’

உண்மைதான். ஆர்கனைஸ்டு செக்டார் எப்படி நடக்கும் என்று எங்களுக்கு என்ன தெரியும்? 2009 ஜனவரி 7-ஆம் தேதி ஹைதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏட்டில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டியிருந்ததில் ரூ.5,040 கோடி உண்மையில் இல்லவே இல்லை என்றார். உலகப் புகழ்பெற்ற தணிக்கை நிறுவனம் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்ட ஏடு அது. அங்கேயும் கணக்குத் துறைக்கு ஆள் எடுத்திருப்பார்கள். அங்கேயும் ‘உங்கள் நேர்மைக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்’ என்று கேட்டிருப்பார்கள். பதில்களும் பிரமாதமாகத்தான் இருந்திருக்கும். என்னிடமும் அதையே கேட்டீர்கள். பத்து ரூபாய்க் கதையைச் சொன்னேன். நீங்கள் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது தங்கள் தேய்மானக் கேள்விக்கு வருகிறேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. மரியாதையினால்தான்.

‘தேய்மானம் பத்து ரூபாய் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்?’ அழகான கேள்வி. வேலை தேடுகிற ஒவ்வொரு பிள்ளையும் தூக்கத்திலும் விடை சொல்லும் கேள்வி. வரிக்கு முந்தைய லாபம் பத்து குறையும். வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வரி இரண்டரை குறையும். ஆக நிகர லாபம் ஏழரை குறையும். ஆனால் தேய்மானத்துக்காகக் கல்லாவிலிருந்து யாரும் பணம் எடுப்பதில்லை. பணப்புழக்க அறிக்கையில் அந்தப் பத்தைத் திரும்பக் கூட்டினால் கையிருப்பு இரண்டரை ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் பத்து இறங்கி இரண்டரை ஏறும், அதாவது ஏழரை குறையும். எதிர்ப்பக்கம் சேர்த்துவைத்த லாபமும் ஏழரை குறையும். இரண்டு பக்கமும் சரி. கணக்கு உதைக்கவில்லை.

‘தப்பு’ என்றீர்கள். நிகர லாபம் ஆறு குறையும், பணம் நாலு ஏறும் என்று தங்கள் தாளில் அச்சாகியிருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வரியை 40 சதவீதம் என்று வைத்து அமெரிக்காவில் யாரோ தயாரித்த வினா விடை அது. அதை அப்படியே இறக்குமதி செய்திருக்கிறீர்கள். ‘மேடம், 2019 செப்டம்பரில் நிதியமைச்சர் வரியைக் குறைத்து அறிவித்தபின், சலுகைகளை விட்டுக்கொடுத்து அதில் சேரும் நம் கம்பெனிகளுக்குக் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்த்தும் சுமார் 25.17 சதவீதம்தானே’ என்று மெல்லச் சொன்னேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். பிறகு கண்ணாடிக்காரர் சிரித்தார். ‘ஆட்டிட்யூட் இருக்கு’ என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், எனக்குக் காது கேட்காது என்பதுபோல.

அந்த ஒன்றரை ரூபாய் வித்தியாசத்தையும் சஸ்பென்ஸில்தான் போட்டிருக்கிறேன்.

சம்பளப் பேச்சு இதமாக இருந்தது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனம், பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு ரூ.2.52 லட்சம் என்று அறிவித்தபோது நாடே கேலி செய்தது. மாதம் ரூ.21,000. எங்கள் ஊர் பி.காம். பிள்ளைகள் யாரும் கேலி செய்யவில்லை. எங்கே விண்ணப்பிப்பது என்று தேடினோம். தாங்கள் சொன்ன தொகை அதற்கும் கீழே. அதற்குள்ளேயே தாங்கள் கட்டவேண்டிய பி.எஃப். பங்கு, இன்சூரன்ஸ் பிரீமியம், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கூட்டி ‘சிடிசி’ என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். கிராஜுவிட்டி ஐந்து வருஷம் வேலை பார்த்தால்தான் கைக்கு வரும். அடுத்த கேள்வியே, ‘ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?’ முதல் மாதமே சம்பளம் என்று காட்டிய கிராஜுவிட்டியை வாங்குவதற்காகத் தங்கள் வாசலில் நிற்பேன் என்று சொல்ல நினைத்தேன். ‘தங்கள் நிறுவனத்தோடு வளர்ந்திருப்பேன்’ என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினீர்கள். அன்று நான் சொன்னதில் தாங்கள் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு பொய்யைத்தான்.

கடைசியாக, ‘மாசக் கடைசியில் குளோசிங், ராத்திரி எவ்வளவு நேரமானாலும் ஆகும். பிரஷர் தாங்குவீர்களா?’ என்றீர்கள். தாங்குவேன் என்றேன். வேறென்ன சொல்வது?

2024 ஜூலையில் புனேயில் கேரளப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். சி.ஏ. பாஸ் செய்தவள். வயது 26. உலகின் நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மகளை வேலைப்பளு தின்றுவிட்டது என்று அவளுடைய அம்மா அந்த நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். சாவுக்குக்கூட அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை என்று எழுதினார். வேலைப்பளு காரணமில்லை என்றது நிறுவனம். அதே கேள்வியை அவளிடமும் கேட்டிருப்பார், உங்களைப் போல யாரோ. அவளும் தாங்குவேன் என்றுதான் சொல்லியிருப்பாள். எவ்வளவு பாரம் ஏற்றப்போகிறோம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. எவ்வளவு தாங்குவாய் என்று கேட்க மட்டும் வரும். சந்தையில் மாடு பிடிக்க வருகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான். எத்தனை அடி தாங்குவாய் என்று மாட்டிடமே கேட்கிறவன் எந்தச் சந்தையிலும் கிடையாது.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருள்க. தங்கள் வரவேற்பறையில் கொடுத்த தண்ணீர் மிகவும் குளிர்ச்சியாக இருந்தது என்பதை இங்கே நன்றியுடன் பதிவு செய்கிறேன். சோபாவும் மெத்தென்று இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

விடைபெறும்போது ‘வி வில் கெட் பேக் டு யூ’ என்று எழுந்து நின்று சொன்னீர்கள். அந்த மரியாதையில் மயங்கி ஊர் வந்து சேர்ந்தேன். அம்மா கேட்டாள்: ‘ஏங்கண்ணு, வேலை என்னாச்சு?’

‘சஸ்பென்ஸ்ல இருக்கும்மா.’

‘அதென்ன, சினிமாவா?’

சேலத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வரச் சொன்னார்கள். சென்னைப் பதில் தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன். அவர்கள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். ஜாதகம் கொண்டுவந்த புரோக்கர், ‘பொண்ணு வேலைக்குப் போகுதுன்னு சொல்றதுங்களா, போகலைன்னு சொல்றதுங்களா?’ என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். என் ஒருத்தியைச் சஸ்பென்ஸில் போட்டால் வீடே அதற்குள் வந்து விழுந்துவிடுகிறது என்பது தங்கள் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கணக்குத் துறைக்கு ஆள் எடுக்கிற தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? சஸ்பென்ஸ் தற்காலிகக் கணக்கு. மார்ச் 31 வருவதற்குள் அதில் கிடப்பது எது, எங்கே சேர வேண்டியது என்று கண்டுபிடித்து அங்கங்கே சேர்த்துவிட்டு மூட வேண்டும். அதை வருஷக்கணக்கில் திறந்தே வைத்திருக்கும் கம்பெனியை ஆடிட்டர் என்ன நினைப்பார்? ஒன்று, சோம்பேறி. இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறவன்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் என்று சிறு தொழில்காரர்கள் நிறைய. சிறு தொழிலிடம் சரக்கு வாங்கினால் எவ்வளவு பெரிய கம்பெனியும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2023-இன் நிதிச் சட்டம் இன்னொரு ஆணியும் அடித்தது: கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, கொடுக்கும்வரை செலவு என்று காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. வாங்கிய இரும்புத் தகட்டுக்குப் பதில் சொல்ல 45 நாள் கெடு. கூப்பிட்டு நாள் முழுக்க உட்காரவைத்த பெண்ணுக்குப் பதில் சொல்லக் கெடுவே கிடையாது.

வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது தங்கள் விருப்பம். ஆனால் வரச் சொன்னவர்கள் சொல்லவேண்டிய ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ தங்கள் விருப்பம் இல்லை. அது பாக்கி. ‘இல்லை’ என்று சொல்ல ஜிஎஸ்டி கிடையாது, டிடிஎஸ் பிடிக்க வேண்டாம், பி.எஃப். கட்ட வேண்டாம். நட்சத்திரம் கேட்டு ஓயாமல் அஞ்சல் அனுப்பும் அதே இயந்திரத்திடம் சொன்னால், அந்த ஒரு சொல்லையும் அனுப்பிவிடும். நாங்கள் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் போடுவோம். அதைக்கூடச் செய்யவிடாமல் எங்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

நட்சத்திரங்களைப் பொறுத்தவரை, தங்கள் விண்ணப்பம் என் பரிசீலனையில் உள்ளது. தகுதியுள்ள வேறு பல நிறுவனங்களும் கேட்டிருப்பதால் சற்றுக் காலமாகும். உரிய நேரத்தில் தொடர்புகொள்வேன். அதுவரை ஐந்து நட்சத்திரமும் எங்கே இருக்கும் என்பது தங்களுக்கே தெரியும்.

இனி அலுவல் விஷயம். ஆண்டு முடிவில் ஆடிட்டர்கள் இருப்பு உறுதிக் கடிதம் அனுப்பச் சொல்வார்கள். அதில் ஒரு வகை உண்டு: ‘எங்கள் ஏட்டில் உங்கள் பேரில் இவ்வளவு பாக்கி, சரியில்லை என்றால் மட்டும் எழுதுங்கள்’. அந்த முறைப்படி, தங்கள் பேரில் என் ஏட்டில் உள்ள பாக்கி பின்வருமாறு:

சேலம் – சென்னை ராத்திரி பஸ் கட்டணம், போக வர.
தங்கள் மெத்தென்ற சோபாவில் போன ஒரு பகல்.
சரியாகச் சொன்ன தேய்மான விடைக்கு உரிய மதிப்பெண்.
‘ஆம்’ அல்லது ‘இல்லை’, ஏதேனும் ஒன்று.

மேற்படி இருப்பில் தங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால், பாக்கி முழுவதையும் தாங்கள் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். தங்களுக்குச் சிரமம் எதுவும் இல்லை. வழக்கம்போல இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சஸ்பென்ஸ் கணக்கு, பக்கம் எண் தெரியவில்லை.

நகல்: தங்கள் ஆடிட்டருக்கு, தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.